ஜீப்ரா மீன் கரு கைகொடுக்காத நாளில்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

வளர்ச்சி உயிரியல் ஆய்வகங்களில் வழிமுறைக் குறிப்புகளுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் அவை எல்லாம் சரியாக நடக்கும் நாளுக்காக எழுதப்பட்டவை. நடக்காத நாளில் முதலில் எங்கே கைவைப்பது என்பது மூத்த மாணவர்களின் வாயிலிருந்துதான் வரும். அவர்கள் பட்டம் வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டால் அதுவும் போயிற்று. அந்தக் குறையைக் கொஞ்சம் அடைக்கத்தான் இந்தக் குறிப்பு. கரு வளர்ச்சியை ஆராயப் பயன்படும் சிறு மீனான ஜீப்ரா மீனை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஈயோ கோழிக் கருவோ வைத்திருப்பவர்களுக்கு இதில் பாதி பொருந்தலாம்.

அறிகுறிகளுக்குப் போகும் முன் ஒரு நிபந்தனை. அதே ஜோடி மீன் அதே காலையில் இட்ட முட்டைகளில் ஐம்பதையாவது ஊசி படாமல், மருந்து படாமல் தனித் தட்டில் எடுத்துவைத்திருக்க வேண்டும். அவை உங்கள் சோதனைக் கருக்களின் உடன்பிறப்புகள். கீழே வரும் ஏறக்குறைய எல்லாக் கேள்விகளுக்கும் அந்தத் தட்டுதான் பதில் சொல்லும். அது இல்லாமல் வருபவரிடம் 'நாளைக்கு மறுபடி போடுங்கள்' என்பதைத் தவிர வேறெதுவும் சொல்ல முடியாது.

முட்டையே இல்லை

முதலில் விளக்கின் டைமரைப் பாருங்கள். இந்த மீன் விடியலை வைத்து முட்டையிடுகிறது. 14 மணி நேரம் வெளிச்சம், 10 மணி நேரம் இருட்டு என்பது வழக்கமான ஏற்பாடு. சுழலும் பற்களைக் கொண்ட பழைய டைமராக இருந்தால், இரவில் இரண்டு மணி நேரம் மின்சாரம் போனால் அதுவும் இரண்டு மணி நேரம் பின்தங்கிவிடும். மீனுக்கு விடிவதற்குள் நீங்கள் வந்து, முட்டை இல்லை என்று தொட்டியைக் கலைத்திருப்பீர்கள். இருட்டு நேரத்தில் யாராவது உணவு டப்பாவைத் தேடி விளக்கைப் போடுகிறார்களா என்பதையும் விசாரியுங்கள். ஒருவரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்; கதவில் ஒரு தாளை ஒட்டிவிடுவது நல்லது.

டைமர் சரி என்றால் ஜோடியைப் பாருங்கள். வயிறு பருத்து வெள்ளிச் சாயலோடு இருப்பது பெண், ஒல்லியாகப் பொன் சாயலோடு இருப்பது ஆண். இரண்டு ஆணை ஒன்றாகப் போட்டுவிட்டுக் காத்திருப்பது புதியவர்களிடம் சாதாரணமாக நடப்பது. முந்தைய மாலையே நடுவில் தடுப்பு வைத்துப் பிரித்து, விளக்கு எரிந்ததும் தடுப்பை எடுக்க வேண்டும். தொட்டியைச் சற்றே சாய்த்து ஒரு பக்கம் தண்ணீர் ஆழம் குறைவாக இருக்கும்படி வைத்தால் பல ஜோடிகள் மனம் மாறுவதைப் பார்க்கலாம். அடியில் வலைத்தட்டு இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் முட்டை வந்திருக்கும், பெற்றோரே தின்றிருப்பார்கள்.

நேற்று முட்டையிட்ட பெண்ணை இன்றும் போடாதீர்கள். ஒரு வாரமாவது இடைவெளி வேண்டும். இதற்கு நேர்மாறாக, மாதக் கணக்கில் ஜோடி சேர்க்காமல் விட்ட பெண் மீனின் முதல் முட்டைகள் பெரும்பாலும் உதவாது. அவற்றைக் கொட்டிவிட்டு அடுத்த வாரம் மறுபடி சேர்க்க வேண்டியதுதான். இதெல்லாம் சரியாக இருந்து, அறையில் ஒரு ஜோடிகூட முட்டையிடவில்லை என்றால் தண்ணீரைச் சோதியுங்கள்: அம்மோனியா, நைட்ரைட், பிஎச், வெப்பநிலை.

அவசரத்துக்குச் சென்னை கொளத்தூர் மீன் கடைகளிலிருந்து ஜீப்ரா டேனியோ (இதே மீனின் கடைப்பெயர்) வாங்கி வரலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ஊசி போட்டுப் பழக அது தாராளமாகப் போதும். முடிவு எழுதும் சோதனைக்கு வேண்டாம். அந்த மீனின் மரபுப் பின்னணியும் நோய் வரலாறும் யாருக்கும் தெரியாது. வாங்கியதைத் தனிமைப்படுத்தாமல் ஆய்வகத் தண்ணீர் சுழற்சியில் விட்டுவிட்டால் மொத்த அறைக்கும் நோய் பரவும் அபாயம் இருக்கிறது.

முட்டை நிறைய, மதியத்துக்குள் பாதி வெளுத்துவிட்டது

பெரும்பாலும் அவை கருவுறாத முட்டைகள். கருவுறாத முட்டையும் தண்ணீர் பட்டதும் உறையை உப்பிக்கொள்ளும். அதன் உச்சியிலும் ஒரு குமிழ் எழும். முதல் அரை மணி நேரத்தில் பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. ஒன்றரை மணி நேரம் கழித்துப் பாருங்கள். கருவுற்றதில் பதினாறு செல்கள் நாலுக்கு நாலாக ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கும். கருவுறாதது ஒரே குமிழாகவே நிற்கும், அல்லது தாறுமாறாகக் கட்டி கட்டியாக உடைந்திருக்கும். அந்த நேரத்தில் பொறுக்கி எறிந்துவிட்டால், பிற்பகலில் வெளுப்பவை உண்மையாகவே இறந்த கருக்கள் என்று எடுத்துக்கொள்ளலாம்.

உடன்பிறப்புத் தட்டிலும் அப்படி நிறைய இறந்தால் நெரிசலைப் பாருங்கள். பத்து சென்டிமீட்டர் தட்டில் ஐம்பது அறுபது கருக்களுக்கு மேல் வைக்கக் கூடாது. செத்த ஒன்று அழுகத் தொடங்கினால் பூஞ்சை அடுத்தடுத்த கருக்களுக்கும் தாவும். மெத்திலீன் நீலம் பூஞ்சையைத் தடுக்கும். ஆனால் ஒளிர்வுப் படம் எடுக்க இருக்கும் கருக்களுக்கு அதைச் சேர்க்க வேண்டாம், சிவப்பு அலைவரிசையில் அதுவே ஒளிரும். கருக்களை வளர்க்கும் உப்புக் கரைசலான ஈ3 கரைசலை அடர்கரைசலிலிருந்து நீர்த்தபோது எத்தனை மடங்கு என்று புட்டியைப் பார்த்துச் செய்தீர்களா, பழக்கத்தில் ஊற்றினீர்களா என்பதையும் ஒருமுறை யோசித்துப் பாருங்கள்.

ஊசி போட்ட கருக்கள் எல்லாம் 'வளர்ச்சி குன்றி' இருக்கின்றன

இந்த அறிகுறியில்தான் அதிக மாதங்கள் வீணாகின்றன. ஊசி போட்டு ஒரு மரபணுவை முடக்கினோம், 24 மணி நேரத்தில் கண் சிறியதாக இருக்கிறது, வால் குட்டையாக இருக்கிறது, ஆகவே அந்த மரபணு கண்ணுக்கும் வாலுக்கும் அவசியம் என்று ஒரு படம் தயாராகிவிடும். அந்தக் கருவுக்கு உண்மையில் 24 மணி நேரம் ஆகவில்லை என்பதுதான் பல சமயம் விஷயம்.

ஜீப்ரா மீன் கருவின் வயதைக் கடிகார மணியில் சொல்வது ஒரு வசதிக்காகத்தான். 1995இல் கிம்மலும் சகாக்களும் வெளியிட்ட வளர்நிலை அட்டவணையில் உள்ள மணிகள் எல்லாம் 28.5 டிகிரி செல்சியஸுக்கானவை. வேறு வெப்பநிலைக்கு மாற்ற அவர்களே கணக்கும் கொடுத்திருக்கிறார்கள்: உங்கள் வெப்பநிலையை 0.055ஆல் பெருக்கி 0.57ஐக் கழியுங்கள், அட்டவணை சொல்லும் மணியை அந்த விடையால் வகுத்தால் உங்களுக்கு ஆகும் மணி கிடைக்கும். 27 டிகிரியில் 24 மணி நேர நிலையை எட்ட 26 மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். 25 டிகிரியில் ஏறக்குறைய 30 மணி நேரம்.

இப்போது வழக்கமான ஒரு காலைப்பொழுதைப் பாருங்கள். முட்டை சேகரித்ததும் உடன்பிறப்புத் தட்டு நேரே இன்குபேட்டருக்குள் போகிறது. ஊசி போட வேண்டிய தட்டோ, குளிர்சாதனம் ஓடும் அறையில் நுண்ணோக்கிக்குப் பக்கத்தில் இரண்டு மூன்று மணி நேரம் கிடக்கிறது. மறுநாள் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஊசி போட்டது பின்தங்கித்தான் இருக்கும். அதில் மரபணுவின் பங்கு எதுவுமில்லை. உடன்பிறப்புத் தட்டையும் அதே மேசையில், அதே நேரம் வைத்திருந்து, இரண்டையும் ஒன்றாக இன்குபேட்டருக்குள் வைத்திருக்க வேண்டும். இந்த ஒரு மாற்றத்தைச் செய்ததும் காணாமல்போன 'கண்டுபிடிப்புகள்' ஏராளம்.

வயதை மணியில் எழுதாமல் கருவின் உடலைப் பார்த்து எழுதப் பழகுங்கள். பத்து மணி நேரத்துக்கு மேல், ஒரு நாள் ஆவதற்குள் என்றால் சோமைட்டுகளை (முதுகு நெடுக வரிசையாகத் தோன்றும் கட்டிகளை) எண்ணுங்கள். முதல் சில சோமைட்டுகள் மணிக்கு மூன்று வீதம் வரும், பிறகு மணிக்கு இரண்டு. 18 சோமைட் என்றால் 18 மணி நேர நிலை என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். ஒரு நாளுக்குப் பிறகு சோமைட் எண்ணுவது உதவாது. அப்போது கருவைப் பக்கவாட்டில் படுக்கவைத்துக் கண்ணுக்கும் காதுப்பைக்கும் நடுவில் உள்ள இடைவெளியைப் பாருங்கள். அதே காதுப்பையை எத்தனை முறை அந்த இடைவெளியில் அடுக்க முடியும்? 24 மணி நேர நிலையில் ஐந்து. 30 மணி நேர நிலையில் மூன்று. தலை நிமிர நிமிர அந்த இடைவெளி சுருங்கிக்கொண்டே வரும். ஊசி போட்ட கருவில் ஐந்து, உடன்பிறப்பில் மூன்று என்று வந்தால் நீங்கள் ஒப்பிட்டது இரண்டு வெவ்வேறு வயதுகளை. பின்தங்கியதை இன்னும் சில மணி நேரம் வளரவிட்டு, அதே நிலைக்கு வந்ததும் ஒப்பிடுங்கள். அப்போதும் கண் சிறியதாக இருந்தால் பேசலாம்.

ஒரே தட்டிலேயே வயது கலந்திருந்தால் காரணம் எளிது. அந்த ஜோடி ஒரு மணி நேரமாக விட்டு விட்டு முட்டையிட்டிருக்கும். தடுப்பை எடுத்த அரை மணி நேரத்துக்குள் வந்ததை மட்டும் ஒரு கூட்டமாக எடுங்கள்.

ஊசி போட்டதும் பெரும்பாலானவை சாகின்றன. அல்லது எதுவுமே நடப்பதில்லை

இரண்டுக்கும் பொதுவான காரணம், நீங்கள் எவ்வளவு செலுத்தினீர்கள் என்பது உங்களுக்கே தெரியாமல் இருப்பது. துளியை மினரல் எண்ணெயில் விட்டு, மைக்ரோமீட்டர் அளவுகோலில் அதன் விட்டத்தை அளக்க வேண்டும். 0.1 மி.மீ. விட்டமுள்ள துளியில் அரை நானோலிட்டர்தான் இருக்கிறது. ஒரு நானோலிட்டருக்கு 0.125 மி.மீ. போதும். விட்டம் கால் பங்கு கூடினால் அளவு இரட்டிப்பாகிவிடுகிறது என்பதைக் கவனியுங்கள். கண்மதிப்பில் இந்த வித்தியாசம் பிடிபடாது. ஊசியை மாற்றினாலும், நுனி மறுபடி உடைந்தாலும், திரும்ப அளக்க வேண்டும். நேற்றைய அழுத்தம், நேற்றைய நொடி என்று குறிப்பேட்டைப் பார்த்துப் போடுவதில் பயனில்லை.

ஒன்றும் நடக்கவில்லை என்றால் ஊசியின் பின்னழுத்தத்தைப் பாருங்கள். அது பூஜ்யமாக இருந்தால், ஊசி முட்டைக்குள் இருக்கும் ஒவ்வொரு முறையும் நுண்துளை ஈர்ப்பில் மஞ்சள் கரு உள்ளே ஏறும். இருபதாவது முட்டைக்குள் நீங்கள் செலுத்துவது பாதி மஞ்சள் கரு. எண்ணெயில் ஊசி சும்மா இருக்கும்போது நுனியில் மிகச் சிறிய கசிவு தெரிகிற அளவுக்குப் பின்னழுத்தம் இருக்கட்டும். அடைப்பு அடிக்கடி வந்தால் கரைசலை ஊசியில் ஏற்றும் முன் அதிவேகத்தில் சில நிமிடம் சுழற்றி, மேலே உள்ளதை மட்டும் எடுங்கள்.

அடுத்தது நேரம். முதல் செல் இரண்டாகப் பிரிய முக்கால் மணி நேரம்தான் ஆகிறது. ஆர்என்ஏ, மார்ஃபோலினோ (ஒரு மரபணுவின் வேலையைத் தடுக்கும் செயற்கைத் துணுக்கு) ஆகியவற்றை மஞ்சள் கருவுக்குள் விட்டாலும் முதல் சில பிரிவுகளின்போது அவை மேலே ஏறிப் பரவிவிடும். டிஎன்ஏவை செல்லுக்குள்ளேயே விட வேண்டும். டிஎன்ஏவைக் குறித்த இடத்தில் வெட்டும் கிரிஸ்பர் முறைக்கு ஒரு செல் நிலையைத் தவறவிட்டால், திருத்தம் பெற்ற செல்லும் பெறாத செல்லும் கலந்த கருதான் கிடைக்கும். எப்படிப் போட்டாலும் கொஞ்சம் கலப்பு இருக்கவே செய்யும் என்றாலும், தாமதம் அதைப் பெரிதாக்கும்.

கிரிஸ்பரில் விளைவு தெரியவில்லை என்றால், கருவைப் பார்த்து யோசிப்பதை நிறுத்திவிட்டு டிஎன்ஏவைப் பாருங்கள். ஊசி போட்ட எட்டு கருக்களிலிருந்து தனித்தனியாக டிஎன்ஏ எடுத்து, வெட்டுப்படும் இடத்தைப் பெருக்கி, வரிசை படித்தால், வெட்டும் இடத்தைக் காட்டும் வழிகாட்டி ஆர்என்ஏ வேலை செய்ததா என்று இரண்டு நாளில் தெரிந்துவிடும். வெட்டவே இல்லை என்றால் அந்த வழிகாட்டி ஆர்என்ஏவை மாற்றுங்கள். நன்றாக வெட்டியும் விளைவு இல்லை என்றால் அடுத்த பகுதிக்குப் போங்கள்.

சாவு அதிகம் என்றால் கணக்கு இப்படி. உடன்பிறப்புகளில் நூறுக்குப் பத்துப் பேருக்கு மேல் செத்திருந்தால் அன்றைய சோதனையையே கணக்கில் எடுக்காதீர்கள், அது முட்டையின் குறை. உடன்பிறப்புகள் நலமாக இருந்து, வெறும் கரைசலை ஊசி போட்ட கூட்டம் சாகிறது என்றால் ஊசி தடிமன், அல்லது துளி பெரிது. அதுவும் நலமாக இருந்து உங்கள் கூட்டம் மட்டும் சாகிறது என்றால்தான் செலுத்திய பொருளைச் சந்தேகிக்க வேண்டும். அளவைப் பாதியாகக் குறைத்துப் பாருங்கள். இதயத்தைச் சுற்றி நீர் கோத்தல், வளைந்த வால், சிறிய தலை ஆகிய மூன்றும் எந்த நச்சுக்கும் கரு காட்டும் பொதுவான முகம். இந்த மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு மரபணுவுக்குத் தொழில் கற்பிக்க முடியாது.

மார்ஃபோலினோவில் தெரிந்த குறை பிறழ்வு மீனில் இல்லை

இது கையின் பிழையாக இல்லாமலும் இருக்கலாம் என்பதால் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும். 2015இல் நேதன் லாசனின் ஆய்வுக்குழு, மார்ஃபோலினோவில் காட்டப்பட்ட குறைகளில் பெரும்பகுதி அதே மரபணு பிறவியிலேயே கெட்டுப்போன பிறழ்வு மீன்களில் தென்படவில்லை என்று காட்டியபோது, இந்தத் துறையில் பலருக்குத் தூக்கம் போயிற்று. மார்ஃபோலினோ என்றாலே பொய் என்று ஒரு கூட்டம் கிளம்பியது. அதே ஆண்டு டிடியே ஸ்டைனியேவின் குழு வேறொரு விளக்கத்தோடு வந்தது. ஈஜிஎஃப்எல்7 என்ற மரபணுவில் பிறழ்வு கொண்ட மீனில், வேறு மரபணுக்கள் கூடுதலாக வெளிப்பட்டுக் குறையை ஈடுகட்டுகின்றன. மார்ஃபோலினோ போட்ட கருவில் அந்த ஈடுகட்டல் நடப்பதில்லை. பிறழ்ந்த தூது ஆர்என்ஏ (மரபணுவின் புரதச் செய்முறையைச் சுமக்கும் நகல்) சிதைக்கப்படுவதே அந்த ஈடுகட்டலைத் தூண்டுகிறது என்று 2019இல் அவர்களே காட்டினார்கள்.

ஆகவே இரண்டு பக்கமும் சோதிக்க வேண்டும். மார்ஃபோலினோ பக்கம்: 24 மணி நேர நிலையில் தலையும் நரம்புக் குழாயும் மங்கிச் சாம்பல் பூத்தாற்போல் இருந்தால், அது பி53 என்ற புரதம் வழியாக நடக்கும் பொதுவான செல் சாவாக இருக்க வாய்ப்பு அதிகம். மார்ஃபோலினோவை அந்த மரபணுவின் பிறழ்வு மீன் கருவிலேயே போட்டுப் பாருங்கள். அது தாக்க வேண்டிய இலக்கே அங்கே கெட்டுக் கிடக்கிறது. அப்படியிருந்தும் குறையைக் கூட்டினால் மார்ஃபோலினோ வேறெங்கோ கைவைக்கிறது. இதைவிட நேர்மையான சோதனை எனக்குத் தெரிந்து இல்லை.

பிறழ்வு மீன் பக்கம் மூன்று கேள்விகள் உண்டு. பிறழ்வு உள்ள எக்ஸான் என்ற மரபணுத் துண்டைத் தாண்டி ஒட்டிக்கொண்ட தூது ஆர்என்ஏ உருவாகிப் புரதம் தப்பிவிட்டதா? அதற்குத் தூது ஆர்என்ஏவைப் பிரதி எடுத்து வரிசை படிக்க வேண்டும். ஜீனோமில் பிறழ்வைக் காட்டினால் போதாது. இரண்டாவது, தாய் கொடுத்த சரக்கு. கரு தன் சொந்த மரபணுக்களைப் பெரிய அளவில் இயக்கத் தொடங்குவது சுமார் மூன்று மணி நேரத்தில்தான். அதுவரை தாய் முட்டையில் வைத்துவிட்ட ஆர்என்ஏவும் புரதமும்தான் வண்டியை ஓட்டுகின்றன. சில மரபணுக்களுக்கு அந்தச் சரக்கு நாள் கணக்கில் தாங்கும். தாயும் பிறழ்வு மீனாக இருக்கும்படி ஜோடி சேர்த்தால்தான் முழுக் குறை வெளிவரும். தாய் வளர்ந்து பெரிதாகும் முன்பே செத்துவிடும் மரபணு என்றால், இனச்செல்களை மட்டும் மாற்றிவைக்கும் நீண்ட வழி ஒன்று இருக்கிறது. தொடங்கும் முன் உங்கள் பேராசிரியரோடு உட்கார்ந்து பேசிவிடுங்கள், ஒரு வருடத்தை விழுங்கக்கூடிய வேலை அது. மூன்றாவது கேள்வி மேலே சொன்ன ஈடுகட்டல். சந்தேகமிருந்தால் மரபணுவை இயக்கிவைக்கும் புரோமோட்டர் பகுதியையே வெட்டி எடுத்து, தூது ஆர்என்ஏ உருவாகாத ஒரு பிறழ்வைச் செய்து பாருங்கள். சிதைக்க ஆர்என்ஏ இல்லையென்றால் அந்த ஈடுகட்டலும் கிளம்பாது.

இன்சிட்டு: நிறமே வரவில்லை

ஒரு மரபணு கருவில் எங்கே வெளிப்படுகிறது என்பதை, அதன் தூது ஆர்என்ஏவில் ஒட்டும் புரோப் என்ற துணுக்கைக் கொண்டு நிறமாகக் காட்டும் முறைதான் இன்சிட்டு. மூன்று நாள் வேலை, கடைசியில் வெளுத்த கருக்கள். இதில் எந்தப் படி போயிற்று என்று ஊகிக்காதீர்கள். இரண்டாகப் பிளந்து தேடுங்கள். நைலான் தாளில் உங்கள் புரோப்பை ஒரு புள்ளியாக வைத்து, புற ஊதா ஒளியில் நிலைப்படுத்தி, டிக் எதிர்ப்பான் (புரோப்பில் உள்ள டிக் என்ற அடையாளத்தைப் பிடிப்பது), நிறக் கரைசல் என்று நேரே கடைசிப் படிகளுக்குக் கொண்டுபோங்கள். அரை நாளில் முடியும். புள்ளி ஊதாவானால் எதிர்ப்பானும் நிறமும் புரோப்பின் அடையாளமும் நலம். குறை கருவிலோ ஒட்டும் படியிலோ இருக்கிறது. புள்ளி வரவில்லை என்றால் கருவைத் தொட வேண்டியதே இல்லை.

நிறப் படியில் அதிகம் அகப்படுவது பாஸ்பேட். எதிர்ப்பானோடு இணைந்திருக்கும் நொதி அல்கலைன் பாஸ்படேஸ். பாஸ்பேட் அதை முடக்கும். பாஸ்பேட் கலந்த பிபிஎஸ் கரைசலில் கழுவியதை ஒழுங்காக நீக்காமல் நிறக் கரைசலை ஊற்றினால் அது சோம்பிப் போகும். பிஎச் 9.5 டிரிஸ் கரைசலில் மூன்று முறை கழுவுங்கள். அந்தக் கரைசலில் மக்னீசியம் இருப்பதால் வைத்திருந்தால் வீழ்படிவு கட்டும். அன்றன்றைக்குச் செய்துகொள்வதே நல்லது.

புரோப்பின் திசையையும் பாருங்கள். புரோப் செய்ய எடுத்த பிளாஸ்மிடை (வளைய டிஎன்ஏவை) தவறான முனையில் வெட்டிவிட்டாலோ, ஆர்என்ஏ செய்யும் நொதிகளில் டி7 போட வேண்டிய இடத்தில் எஸ்பி6 போட்டுவிட்டாலோ, உங்களிடம் இருப்பது தூது ஆர்என்ஏவின் நகல். அது எதிலும் ஒட்டாது. இதைக் கண்டுபிடிக்க வரைபடம் போதும், சோதனை வேண்டாம். ஒவ்வொரு முறையும் நிச்சயம் வேலை செய்யும் புரோப் ஒன்றைப் பக்கத்தில் ஓட்டுங்கள். முதுகுநாணைக் காட்டும் 'நோ டெய்ல்', சோமைட்டைக் காட்டும் 'மயோடி', பின்மூளையில் இரண்டே பட்டைகளாக வரும் 'க்ராக்ஸ்20' ஆகியவை பார்த்ததும் தெரிந்துவிடும். அது வந்து உங்களுடையது வரவில்லை என்றால் புரோப்பையோ மரபணுவின் குறைந்த வெளிப்பாட்டையோ யோசிக்கலாம்.

இன்சிட்டு: எங்கு பார்த்தாலும் நிறம்

நிறத்தின் சாயலையும் இடத்தையும் பாருங்கள். மூளையின் உட்குழிகளிலும் காதுப்பைக்குள்ளும் மட்டும் ஊதா தேங்கியிருந்தால் அது குழியில் சிக்கிய புரோப்பும் எதிர்ப்பானும். வெளிப்பாடு என்று எழுதிவிடாதீர்கள். இரண்டு நாளுக்கு மேற்பட்ட கருக்களில் இது சாதாரணம். கழுவும் நேரத்தைக் கூட்டுங்கள். உடல் முழுக்கப் பழுப்பாக இருந்தால் நிறக் கரைசலில் அதிக நேரம் விட்டிருக்கிறீர்கள், அல்லது எதிர்ப்பான் அடர்த்தி கூடிவிட்டது.

தோல் உரிந்து வால் நைந்திருந்தால், புரதத்தைச் செரிக்கும் நொதியான புரோட்டினேஸ் கே அதிகம். உள்ளே ஒன்றும் தெரியாமல் மேற்பரப்பு மட்டும் நிறம் பிடித்திருந்தால் அது போதவில்லை. ஒரு நாள் கருவுக்குப் பத்து நிமிடம், இரண்டு நாள் கருவுக்கு அரை மணி நேரம் என்பது தொடங்குவதற்கான அளவுதான். இந்த நொதி புட்டிக்குப் புட்டி மாறும். புதுப் புட்டி திறந்தால் நேரத்தை மறுபடி பார்த்துக் குறித்துவையுங்கள். போன மாதம் வந்தது இந்த மாதம் வரவில்லை என்ற புகாருக்கு இதுவே பல சமயம் காரணம்.

நுண்ணோக்கியில் கரு நகர்கிறது, கறுக்கிறது, சாகிறது

நகர்ந்தால் முதலில் கருவா மேடையா என்று பிரியுங்கள். துடித்துத் துடித்து நகர்ந்தால் மயக்க மருந்தான டிரிக்கேன் போதவில்லை, அல்லது அதன் பிஎச் 7க்குக் கொண்டுவரப்படவில்லை. அமிலமாகவே இருந்தால் கருவையும் வதைக்கும். ஒரே திசையில் மெல்ல மெல்ல நழுவினால் வெப்ப மேடை இன்னும் நிலைக்கு வரவில்லை. ஒரு மணி நேரம் முன்பே சூடேற்றி வைத்துவிட்டு அப்புறம் படம் தொடங்குங்கள்.

கறுத்தால்: நிறமிகள் ஒரு நாள் ஆகும்போது தோன்றுகின்றன. பிடியூ என்ற வேதிப்பொருள் அதைத் தடுக்கும், வந்த நிறமியை அழிக்காது. ஆகவே 24 மணி நேரத்துக்கு முன்பே சேர்த்தால்தான் பயன். அது தைராய்டையும் கண்ணையும் பாதிக்கக்கூடியது என்பதால், கண் அளவைப் பற்றி எழுதப்போகிறவர்கள் நிறமியற்ற மீன் வகைகளை நாடுவது நல்லது.

இரவோடு இரவாகச் செத்தால்: கருவை அசையாமல் பிடித்துவைக்கும் கூழான அகரோஸை எத்தனை டிகிரியில் ஊற்றினீர்கள்? கையின் உட்புறத்தில் சுடாத அளவுக்கு ஆறிய பிறகுதான் கருவை விட வேண்டும். வால் நீளும் வயதில் கரு முழுவதையும் அகரோஸில் அடைத்தால் வால் நீள இடமில்லாமல் சுருண்டுவிடும். தலையைப் பிடித்துவைத்துவிட்டு வாலைச் சுற்றியுள்ள அகரோஸை மெல்லிய கத்தியால் வெட்டி எடுங்கள். லேசர் படாமல் பக்கத்தில் வைத்த, படம் எடுக்காத ஒரு கரு பிழைத்து, படம் எடுத்தது மட்டும் செத்தால் ஒளி அதிகம்.

முட்டை உறையை நீக்கிய இளங்கருக்கள் தட்டில் ஒட்டி வெடித்தால், அடியில் மெல்லிய அகரோஸ் பூச்சு போடுங்கள். பிளாஸ்டிக்கை அவை தாங்காது.

அவருக்கு வருகிறது, எனக்கு வரவில்லை

கைராசி என்று விட்டுவிட வேண்டாம். ஒரே காலையில், ஒரே ஜோடியின் முட்டைகளைப் பாதி பாதியாகப் பிரித்து, இருவரும் பக்கத்தில் உட்கார்ந்து செய்யுங்கள். அப்போதும் உங்களுக்கு வராவிட்டால் கரைசல்களை மாற்றிக்கொண்டு மறுபடி. பெரும்பாலும் எழுதாமல் விட்ட ஒரு சிறு படியில்தான் வித்தியாசம் இருக்கும். பனிக்கட்டியில் வைப்பது, ஒரு கூடுதல் கழுவல், அப்படி ஏதாவது. கண்டுபிடித்ததைக் குறிப்பேட்டில் எழுதுங்கள்.

எல்லாம் சரி, கால் பங்கு மட்டும் வரவில்லை

பிறழ்வின் ஒரு பிரதியை மட்டும் சுமக்கும் இரண்டு கடத்தி மீன்களைச் சேர்த்தால் நான்கில் ஒரு கரு குறையோடு வர வேண்டும். இருபதில் இரண்டுதான் வந்தது, என்னவோ தவறு என்று பலர் ஓடிவருகிறார்கள். இருபது கருக்களில் எதிர்பார்ப்பது ஐந்து. ஆனால் இரண்டிலிருந்து எட்டு வரை எது வந்தாலும் அது தற்செயலின் எல்லைக்குள்தான். நூறு கருக்கள் எண்ணினால் பதினேழிலிருந்து முப்பத்துமூன்று வரை. இருபதை வைத்துக்கொண்டு மெண்டலைச் சந்தேகிக்க இடமில்லை.

இருநூறு எண்ணியும் பத்து விழுக்காட்டைத் தாண்டவில்லை என்றால் மூன்று வாய்ப்புகள். குறையுள்ளவை நீங்கள் எண்ணும் முன்பே செத்திருக்கலாம்; காலையிலும் மாலையிலும் பொறுக்கி எறிந்த கருக்களை எண்ணி வையுங்கள். குறை இலேசாக இருப்பவற்றை நலமானவை என்று நீங்கள் பிரித்திருக்கலாம். பெற்றோரில் ஒருவர் கடத்தியே அல்லாமலும் இருக்கலாம், ஆனால் அப்போது பூஜ்யம்தான் வர வேண்டும். பத்து விழுக்காடு வந்தால் அது பின்னணிக் குறை.

பிரித்துப் பார்க்க வழி ஒன்றுதான். தட்டின் பெயரை இன்னொருவரை விட்டு மறைக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு கருவையும் தனித்தனியாகப் படம் எடுத்து எண்ணிட்டு, நலம் அல்லது குறை என்று அங்கேயே எழுதுங்கள். அதன்பிறகு அதே எண் வரிசையில் வால் நுனியிலிருந்து டிஎன்ஏ எடுத்து மரபணு வகையைப் படியுங்கள். மரபணு வகையை முதலில் பார்த்துவிட்டுப் படத்தைப் பார்த்தால் கண் தானாகவே குறையைத் தேடிப்பிடித்துவிடும் என்பதால் இந்த வரிசையை மாற்றக் கூடாது. பிறழ்வு இரண்டு பிரதியிலும் இருந்தும் நலம் என்று எழுதியவை எத்தனை, பிறழ்வே இல்லாமல் குறை என்று எழுதியவை எத்தனை என்று நான்கு கட்டத்தில் போடுங்கள். இரண்டாவது கட்டத்தில் நிறைய எண்ணிக்கை விழுந்தால் முட்டையின் தரத்துக்கும் இன்குபேட்டரின் வெப்பமானிக்கும் திரும்பிப் போங்கள். முதல் கட்டத்தில் விழுந்தால் தாய் வைத்த சரக்கைப் பற்றியும் ஈடுகட்டலைப் பற்றியும் யோசிக்கத் தொடங்கலாம்.